மாலை போட்ட நாட்களின் இருமல்

"விட்டா உடம்பு தானா தேறிரும்னு சொன்னீங்களேப்பா, விட்ட பிறகுதானே எல்லாம் கெட்டுப் போயிருக்கு?" போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் கேட்ட கேள்வி இது. உன் அம்மா ரிசீவரை வாங்கக் கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றாள். நான் அவசரமாக, "சளி பிடிச்சிருக்கும் தம்பி, ஆவி பிடி" என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவன் நான். விடை தெரியாத கேள்விகளுக்கு, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன். உன் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தெரிந்தே தப்பாகச் சொன்னேன். போனில் துண்டு துண்டாகச் சொல்கிற விஷயம் இல்லை இது, அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி. படித்து முடிக்கும்வரை ஒன்றையும் பற்றவைக்காமல் இரு.

மருமகளுக்கு வளைகாப்பு முடிந்து, அவளைப் பிரசவத்துக்காகப் பேரையூரில் அவள் வீட்டில் விட்டுவிட்டு நீ சென்னைக்குத் திரும்பினாய் அல்லவா, அன்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாய். "அப்பா, சிகரெட்டை விட்டுட்டேன். நேத்தோட சரி. பிள்ளை வர்றப்ப வீட்டுல அந்த வாடையே இருக்காதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்" என்றாய். நீ பிடிப்பது எனக்குத் தெரியும் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் உன் முதுகைத் தட்டிக் கொடுத்து, விட்டால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்றேன். அது பாதி உண்மைதான். தேறும். ஆனால் தேறுவதற்கு முன்னால், இருந்ததைவிட மோசமாகிவிட்டது போலத் தோன்றும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில்தான் நிறையப் பேர் திரும்பிப் போகிறார்கள். நானும் போனேன். அதைத்தான் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்.

காலையில் எழுந்ததும் அடிவயிறு வலிக்க இருமுகிறாய், கரும்புள்ளியோடு சளி வருகிறது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கிறது, வாயெல்லாம் புண், கை லேசாக நடுங்குகிறது, ஆபீஸில் ஒரு பையனிடம் தேவையில்லாமல் கத்திவிட்டாய். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில், ஒன்றே ஒன்று பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் போல இருக்கிறதப்பா என்றாய். தம்பி, எனக்குப் பயம் பிடித்தது அந்தக் கடைசி வார்த்தையில்தான். அது உண்மை என்பதால் பயம். ஒன்று பிடித்தால் இருமல் நிற்கும். இரண்டே நாளில் நிற்கும். அதை நான் ஒரு தடவை அல்ல, பதினான்கு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் வருஷம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போட்டது உனக்கு நினைவிருக்கும். கார்த்திகை ஒன்றாம் தேதி கழுத்தில் துளசி மாலை ஏறியதும் சிகரெட்டைத் தொட மாட்டேன். நாற்பத்தெட்டு நாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அது எனக்கு ஒரு பெருமை. நினைத்தால் விட்டுவிடுவேன், நினைத்தால் பிடிப்பேன், சிகரெட்டுக்கு நான் அடிமை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்கு இருமல் வரும். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன், அதனால் என்பேன். தலை கனக்கும், கை நடுங்கும். ஒரு வேளைச் சாப்பாடு, அதனால். வயிறு இளகாது. விரதச் சாப்பாடு. தூக்கம் வராது. வெறும் தரையில் துண்டை விரித்துப் படுக்கிறேன் அல்லவா. கோபம் மட்டும்தான் எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கும். மாலை போட்டவன் யாரையும் கடிந்து பேசக்கூடாது என்பது விதி. ஒரு நாள் தட்டில் உப்பு குறைந்ததற்கு நான் உன் அம்மாவிடம் கத்த, அவள் கையைக் கட்டிக்கொண்டு, "சாமிக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கா, இல்ல இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு என்னிடம் அடி வாங்கினாய். அதற்கும் விரதம்தான் காரணம் என்று நினைத்தேன்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் சாயங்காலம் நேராகக் கோரிப்பாளையம் போவேன். தர்கா பக்கத்துச் சந்தில் காதர் பாய் தையல் கடை வைத்திருந்தாரே, உனக்கு ஸ்கூல் யூனிபார்ம் தைத்தவர், அவர் கடை வாசலில் நின்றுதான் முதல் சிகரெட். அவரும் பிடிப்பவர்தான். "சார், நீங்க சாமிக்கு நாப்பத்தெட்டு நாளு விடுறீங்க, நான் நோன்புக்கு முப்பது நாளு பகல்ல விடுறேன். விடத் தெரியாத ஆளுகளா நாம? திரும்பப் பிடிக்கிறதுலதான் நம்மள அடிச்சுக்க ஆளில்ல" என்பார். இருவரும் சிரிப்போம். அதற்குப் பிறகு இரண்டு நாளில் இருமல் நிற்கும், வயிறு சரியாகும், தூக்கம் வரும். பச்சைத் தண்ணீரையும் நிறுத்தியிருப்பேன், மூன்று வேளை சாப்பிட்டிருப்பேன், கட்டிலில் படுத்திருப்பேன். ஆனால் மனசு எதற்கு நன்றி சொல்லும் தெரியுமா? சிகரெட்டுக்கு. இப்படிப் பதினான்கு கார்த்திகை போயிற்று. சயின்ஸ் வாத்தியார் நான். சோதனை செய்யும்போது ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், நாலையும் சேர்த்து மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாது என்று எட்டாம் வகுப்புக்கு நடத்தியவன். என் உடம்பில் அதை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

பிறகு பார்க்க வேண்டிய நிலை வந்தது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில். ஒரு பங்குனி மாதம் படியேறி உள்ளே போய்க் கரும்பலகை பக்கம் நின்றேன், பேச்சு வரவில்லை. மூச்சு வாங்குவதற்காகப் பாடப் புத்தகத்தைத் தேடுவதுபோல் நடித்தேன். புத்தகம் கையிலேயே இருந்தது. முன் பெஞ்சில் இருந்த பெண், "சார், உக்காருங்க சார்" என்றாள். அன்றே விட்டேன். மாலை இல்லை, விரதம் இல்லை, வெயில் காலம், குழாயில் வருவதே வெந்நீர். ஆனாலும் எல்லாம் வந்தது. அதே இருமல், அதே நடுக்கம், அதே தலைக்கனம். பரீட்சைத் தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் மார்க்கைக் கூட்டத் தெரியாமல் மூன்று தடவை தப்பாகப் போட்டேன். ஒன்பதாம் நாள் சளியில் கரும்புள்ளி வந்தது. சாக்குச் சொல்ல எதுவுமே இல்லை பார்த்தாயா, அதனால் எனக்கு ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, இத்தனை வருஷமாகச் சிகரெட்தான் அதை அமுக்கி வைத்திருந்தது என்று முடிவுகட்டினேன். இப்போது நீ போனில் பேசியது எனக்கு என் குரலாகவே கேட்டது.

உன் அம்மா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, அந்த வருஷ மாலையோடு சிகரெட்டை முழுக்க விட்டாயிற்று என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பாய் கடை வாசலில் பிடித்துவிட்டுக் கிராம்பை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தபடியே, சிகரெட், பீடி உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டாரு சார்" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. நான் தலையை ஆட்டினேன். தம்பி, நான் விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். தெரியாத மனிதர் என்ன செய்வார்? எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்துக்கு இருமல் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் பாய் கடைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாளில் இருமல் நின்றது. உன் அம்மாவுக்கு டாக்டர் மேல் அப்படியொரு நம்பிக்கை வந்தது. கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு முறுக்குச் சுட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு அனுப்பினாள். நீதான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் பிடித்தேன். இன்று தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு இடத்தில் உட்கார்கிறேனே, அது அந்த நாலு வருஷம் செய்த வேலை என்றுதான் நினைக்கிறேன். பிறக்கப் போகிற உன் பிள்ளைக்கு ஒரு பலூன் ஊதிக் கொடுக்க என்னால் முடியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊதப் பார்த்தேன்.

இன்னொன்றும் அந்த நாலு வருஷத்தில்தான் நடந்தது. என் டி.வி.எஸ். ஃபிஃப்டியின் டூல் பாக்ஸில் பழைய துணிக்கு அடியில் பாக்கெட் வைத்திருப்பேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் அதில் ஒன்று குறைந்திருந்தது. எண்ணி வைத்திருந்தேன், அதனால் தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு. நான் கேட்கவில்லை. கேட்டால், பாக்கெட் அங்கே எப்படி வந்தது என்று நீ கேட்பாய். என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை விட்டுவிட்டேன். பாக்கெட்டை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். அதற்குள் நீ கடையில் வாங்கப் பழகிவிட்டாய். இதை உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசியில் நான் விட்டதும் வீரத்தால் அல்ல. ஒரு தை மாதம் நெஞ்சுச் சளி கட்டி ஒரு வாரம் படுத்தேன். கே.கே. நகரில் ஒரு லேடி டாக்டர். உன் அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்த ஐந்து நிமிஷத்தில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாலை, பாய் கடை, கிராம்பு, கரும்புள்ளி எல்லாம். அவர் பேனாவை வைத்துவிட்டு, "மாலை போட்டிருந்தப்பவும் இதே இருமல்தானா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வருஷா வருஷம் உங்க நுரையீரல் துடைக்க ஆரம்பிச்சிருக்கு. பாதியிலயே நீங்க வெளக்கமாத்தப் பிடுங்கிப் போட்டிருக்கீங்க" என்றார்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றனவாம். அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. புகை அவற்றை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. புகை நின்றதும் அவை விழித்துக்கொண்டு, தேங்கிக் கிடந்ததைத் தள்ள ஆரம்பிக்கின்றன. அதுதான் இருமல், அதுதான் கரும்புள்ளி. வைகையில் அணையைத் திறந்துவிட்டால் ஏ.வி. பாலத்தில் நின்று நாம் முதலில் பார்ப்பது என்ன? பிய்ந்த செருப்பு, பாலிதீன் பை, நுரை. தண்ணீர் வந்ததால் ஆறு கெட்டுப்போனது என்று யாராவது சொல்வோமா? ஆற்றில் கிடந்தது வெளியே வருகிறது. மறுபடி ஒன்று பற்றவைத்தால் இருமல் நிற்பது ஏன் என்றால், அந்த இழைகள் திரும்ப மரத்துப்போகின்றன. குப்பை உள்ளேயே இருக்கிறது. இதை எனக்கு யாராவது முதல் கார்த்திகையிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உனக்காவது பஸ் ஸ்டாண்டிலேயே நான் சொல்லியிருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு அச்சு அசலாக அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. முதல் நாலைந்து நாள் தலைவலியும் எரிச்சலும் பொறுக்க முடியாமல் இருந்தன. பிறகு அந்த ஆசை நாள் முழுக்க இருக்காது, வந்து வந்து போகும்; வரும்போது உயிர் போவது போல இருக்கும், குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தணிந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும்தான் எனக்கு ரொம்பத் தொந்தரவு. கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். வாய்ப்புண் இரண்டு வாரம் இருந்தது. வயிறு மூன்று வாரம் படுத்தியது. தினம் காலையில் வெந்நீரும் கொய்யாப்பழமும்தான் காப்பாற்றின. சிகரெட் பிடிப்பது போலவே கனவு வரும், விழித்ததும் பிடித்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இருமல்தான் கடைசிவரை இருந்தது, இரண்டு மாதம் போல. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்த பிறகுதான் அன்று இருமவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. மூக்கும் திறந்தது. நல்ல வாசனையெல்லாம் முதலில் வரவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது, எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. "இம்புட்டு நாளா நாங்க இதோடதான் குடும்பம் நடத்துறோம்" என்றாள் உன் அம்மா.

இதையெல்லாம் எழுதி உன்னைத் தைரியப்படுத்திவிட்டதாக நான் நினைக்கவில்லை. எனக்கே தைரியம் இல்லை. நெஞ்சு இறுக்கம் என்று நீ சொன்னது என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கும் இருந்தது, போய்விட்டது. ஆனால் எனக்கு இருந்ததும் உனக்கு இருப்பதும் ஒன்றுதான் என்று எழுத்து மூலம் எப்படிச் சொல்வேன்? எல்லாம் விரதத்தால் என்று பதினான்கு வருஷம் நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். இப்போது உனக்கு எல்லாம் சிகரெட்டை விட்டதால்தான் என்று சொன்னால், அதுவும் அதே தப்புதான். வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால், குப்பென்று வியர்த்தால், மூச்சு முட்டினால், சளியில் ரத்தம் தெரிந்தால், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் தனியாக இருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லி வை.

நேற்று முன்தினம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருமல் மருந்துக் கதையைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த டாக்டருக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்தேனே" என்றாள். "எம்புட்டுப் பேருகிட்ட அவரு கைராசிய சொல்லிருப்பேன், நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டூல் பாக்ஸ் விஷயத்தைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நறுக்கியதைச் சட்டியில் அள்ளிப் போட்ட பிறகுதான் கேட்டாள், "அப்ப ஞாயித்துக்கிழமை அவன் எங்கிட்ட சளின்னு சொன்னது? சனிக்கிழமை ஆபீஸ் டாக்டர்கிட்ட காட்டிச் சளிக்கு மருந்து வாங்கிக்கிறேம்மான்னானே. உங்களைக் கணக்காவா அவனும் போயி உக்காரப் போறான்?"

உன் ஆபீஸ் டாக்டர், ஃபைல், மேலதிகாரி என்று நீ ஆயிரம் யோசிப்பாய். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் யோசித்தேன். அங்கே சொல்ல மனசு வராவிட்டால் உன்னைத் தெரியாத வேறொரு டாக்டரைப் பார். ஆனால் சளி என்று சொல்லிப் போய் உட்கார்ந்தால் சளிக்குத்தான் மருந்து கிடைக்கும், சளி கேட்காது, அப்புறம் நீ எந்தக் கடை வாசலில் போய் நிற்பாய் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். அம்மாவுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், எனக்கும் வேண்டாம், எங்களிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்ததும், அவர் என்ன தொந்தரவு என்று கேட்பதற்கு முன்னால், இருமலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், "சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன், விட்டு ரெண்டு வாரம் ஆகுது" என்று சொல்.